படத்துக்கு இடம் விடும் திரை

24 மெகாபிக்சல் கேமரா தரும் ஒரு படம் 6,000 பிக்சல் அகலமும் 4,000 பிக்சல் உயரமும் இருக்கும். ஸ்டுடியோ மேசைகளில் பரவலாகக் காணப்படும் மானிட்டரோ 1,920-க்கு 1,080தான். படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல் என்று 100 சதவீதத்தில் வைத்தால், திரை முழுவதையும் படத்துக்கே கொடுத்தாலும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தெரியாது. வலப்பக்கம் இரண்டு வரிசை பேனல், இடப்பக்கம் டூல்பார் என்று 600 பிக்சலை விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். ஒரு கண்ணைச் சரிசெய்யும்போது மறு கண் திரைக்கு வெளியே போய்விடும். இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் செய்த டச்சப் எப்படி முகத்தோடு பொருந்தும்?

ஃபோட்டோஷாப்பைப் புதிதாக நிறுவியதும் வருகிற ஏற்பாட்டுக்கு எசென்ஷியல்ஸ் என்று பெயர். கலர், ஸ்வாட்சஸ், கிரேடியன்ட்ஸ், பேட்டர்ன்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், அட்ஜஸ்ட்மென்ட்ஸ், லைப்ரரீஸ், லேயர்ஸ், சேனல்ஸ், பாத்ஸ் என்று வரிசையாக நிற்கும். ஓவியம் வரைகிறவர், இணையப் பக்கம் வடிவமைக்கிறவர், கல்யாண ஆல்பம் போடுகிறவர் எல்லோரையும் மனத்தில் வைத்துச் செய்தது அது. அதனாலேயே யாருக்கும் முழுதாகப் பொருந்தாது. 1990-இல் வெளிவந்த இந்த மென்பொருளில், பேனல்களை நம் விருப்பப்படி அடுக்கி அந்த அடுக்கைப் பெயரிட்டுச் சேமிக்கும் வசதி 2002-இல் வந்த 7-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. இருந்தும் நிறுவியபோது வந்த திரையிலேயே வருடக்கணக்காக வேலை செய்கிறவர்கள் ஏராளம். அரை மணி நேரம் ஒதுக்கினால் மாற்றிவிடலாம். வேலைக்கு ஒன்றாக இரண்டு மூன்று திரை ஏற்பாடுகளைச் செய்து வைத்துக்கொண்டு, வேலை மாறும்போது ஏற்பாட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே ஏற்பாடு எல்லாவற்றுக்கும் போதும் என்ற எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

இங்கே சொல்லும் விசைகள் விண்டோஸ் கணினிக்கானவை. மேக் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலுக்குக் கமாண்டும் ஆல்ட்டுக்கு ஆப்ஷனும் என்று கொள்ளலாம்.

முதலில் ஒரு தாள்

தொடக்கம் கணினியில் இல்லை. நீங்கள் அடிக்கடி செய்யும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அதை வழக்கம்போலச் செய்து முடிக்கும்வரை பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். எந்தப் பேனலுக்குக் கை போகிறதோ அதன் பெயரை எழுதுங்கள். மறுபடி போனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. வேலை முடிந்ததும் தாளைப் பார்த்தால் லேயர்ஸ் பேனலுக்கு எதிரே கோடுகள் குவிந்திருக்கும். ஹிஸ்டரி, ப்ராப்பர்ட்டீஸ் இரண்டுக்கும் ஓரளவு இருக்கும். ஸ்வாட்சஸ் என்ற பெயரையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

இந்தத் தாளை வைத்துத்தான் பேனல்களைப் பிரிக்க வேண்டும். கோடுகள் குவிந்த பேனல் எப்போதும் விரிந்து கண்முன் இருக்க வேண்டும். எப்போதாவது தேவைப்படுவது ஐகானாகச் சுருங்கி ஓரத்தில் நிற்கலாம். தாளில் வராதது திரையிலும் வர வேண்டாம். விண்டோ மெனுவில் அது எப்போதும் இருக்கிறது, வேண்டுமானால் அழைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வடிகட்டலும் உண்டு. பேனலைத் தொடும் காரணத்தை விசைப்பலகையால் தீர்க்க முடியுமா என்று பாருங்கள். சேனல்ஸ் பேனல் நல்ல உதாரணம். பழைய படத்தில் படிந்த மஞ்சள் கறை நீல சேனலில் அழுத்தமாகவும் சிவப்பு சேனலில் மிகக் குறைவாகவும் தெரியும். அதனால் பழுதுபார்க்கிறவர் சேனல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர வேண்டும். ஆனால் கன்ட்ரோலுடன் 3 அழுத்தினால் சிவப்பு, 4 பச்சை, 5 நீலம், 2 அழுத்தினால் மறுபடி முழு வண்ணம். பார்ப்பதற்கு மட்டும்தான் என்றால் அந்தப் பேனல் திரையில் இடம் பிடிக்க வேண்டியதில்லை. லேயர்ஸை எஃப்7, இன்ஃபோவை எஃப்8 வரவழைக்கும், மறுபடி அழுத்தினால் போய்விடும்.

பெயர் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ் என்ற பகுதிக்குப் போய் எசென்ஷியல்ஸைத் தேர்ந்தெடுத்து, அதே பட்டியலில் இருக்கும் ரீசெட்டைக் கொடுங்கள். சுத்தமான நிலை கிடைக்கும். உடனே நியூ வொர்க்ஸ்பேஸ் கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். அடுக்கி முடித்த பிறகு பெயர் வைப்பதுதான் இயல்பாகத் தோன்றும், ஆனால் முன்பே வைப்பது நல்லது. ஃபோட்டோஷாப் நீங்கள் இருக்கும் வொர்க்ஸ்பேஸில் செய்யும் ஒவ்வொரு நகர்த்தலையும் தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். எசென்ஷியல்ஸில் இருந்தபடி கலைத்தால் கலைவது எசென்ஷியல்ஸ்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸுக்கும் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, சேமித்தபோது இருந்த நிலை. மற்றது, அதன்பின் நீங்கள் நகர்த்தி நகர்த்தி இப்போது இருக்கும் நிலை. வேறொரு வொர்க்ஸ்பேஸுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் இப்போதைய நிலைதான் வரும். ரீசெட் கொடுத்தால் மட்டுமே சேமித்த நிலைக்குத் திரும்பும். ஆகவே அடுக்கி முடித்து, இதுதான் சரி என்று தோன்றியதும், மறுபடி நியூ வொர்க்ஸ்பேஸ் கொடுத்து அதே பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். பழையதை மாற்றிவிடவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் பிறகொரு நாள் ரீசெட் கொடுத்ததும் பாடுபட்டு அடுக்கியது காணாமல் போகிறது.

இழுத்து ஒட்டுவது

அடுத்து காலி செய்யுங்கள். பேனலின் பெயருள்ள தலைப்பில் வலது கிளிக் செய்தால் அந்தப் பேனலை மட்டும் மூடவும், அதனோடு சேர்ந்திருக்கும் கூட்டத்தையே மூடவும் வழி இருக்கும். தாளில் இல்லாதவற்றையெல்லாம் மூடுங்கள்.

மீதமுள்ளவற்றை அடுக்கும்போது கவனிக்க வேண்டியது நீல நிறம். ஒரு பேனலின் தலைப்பைப் பிடித்து இழுத்து இன்னொரு கூட்டத்தின் மேல் கொண்டுபோனால், அந்தக் கூட்டத்தைச் சுற்றி நீலச் சட்டம் தோன்றும். அங்கே விட்டால் அந்தக் கூட்டத்தில் இன்னொரு தலைப்பாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கொண்டுபோனால் படுக்கையாக ஒரு நீலக்கோடு வரும், அங்கே விட்டால் இரண்டுக்கும் இடையே தனியாக அமரும். வரிசையின் பக்கவாட்டு விளிம்புக்குக் கொண்டுபோனால் செங்குத்தாக நீலக்கோடு, விட்டால் புது வரிசை. நீலம் எதுவும் தெரியாத இடத்தில் விட்டால் பேனல் மிதக்கும். மிதக்கத்தான் வேண்டும், ஓரத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே இழுங்கள். அவசரப்படாமல், நீலம் தெரியும்வரை காத்திருந்து விடுவதுதான் இதில் உள்ள கைப்பழக்கம்.

வரிசையின் மேலே இருக்கும் இரட்டை அம்புக்குறியைத் தட்டினால் முழு வரிசையும் ஐகான்களாகச் சுருங்கும். ஐகானைத் தொட்டால் பேனல் விரியும். விரிந்தது வேலை முடிந்ததும் தானே சுருங்க, எடிட் மெனுவின் ப்ரிஃபரன்சஸில் வொர்க்ஸ்பேஸ் பகுதிக்குப் போய் ஆட்டோ கொலாப்ஸ் ஐகானிக் பேனல்ஸ் என்பதைத் தேர்வு செய்யுங்கள். 1,366-க்கு 768 திரையுள்ள லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது அவசியம். அந்தத் திரையில் லேயர்ஸ் தவிர எதையும் விரித்து வைக்க இடமில்லை.

டூல்பாரையும் விட்டுவைக்க வேண்டாம். எடிட் மெனுவில் டூல்பார் என்பதைத் திறந்தால் எல்லாக் கருவிகளும் பட்டியலாக வரும். பயன்படுத்தாதவற்றை வலப்பக்கப் பெட்டிக்கு இழுத்துவிட்டால், அவை டூல்பாரின் அடியில் மூன்று புள்ளிகளுக்குள் ஒதுங்கிவிடும். டச்சப் வேலைக்கு ஹீலிங் பிரஷ், க்ளோன் ஸ்டாம்ப், லாஸோ, பிரஷ், டாட்ஜ், பர்ன் இவற்றைச் சுற்றியே எல்லாம் நடக்கும். வொர்க்ஸ்பேஸைச் சேமிக்கும் பெட்டியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், மெனுஸ், டூல்பார் என்று மூன்று தேர்வுகள் தெரியும். பேனல்கள் இருக்கும் இடம் எப்படியும் சேமிக்கப்படும். டூல்பாரை மாற்றியிருந்தால் அதற்குரிய கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள்.

புதிய பதிப்புகளில் படத்தின் கீழே மிதந்து வரும் சிறிய பட்டை ஒன்று உண்டு. கண்டெக்ஸ்சுவல் டாஸ்க் பார் என்று பெயர். கருவி மாறும்போதெல்லாம் அதுவும் மாறி, படத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பழகுகிறவருக்கு அது உதவலாம். நுணுக்கமாகக் கை வைக்கிறவருக்கு இடைஞ்சல். விண்டோ மெனுவில் அதன் டிக்கை எடுத்துவிட்டால் போய்விடும்.

பழைய படத்துக்கு ஒரு திரை

மடித்து வைத்துப் பழுதான கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம் ஒன்று ஸ்கேன் ஆகி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மடிப்பில் விழுந்த வெடிப்பு, நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் ஒரு கண்ணை ஒட்டி இறங்கி, சேலைக் கரை வழியாகத் தரைக்குப் போகிறது. இந்த வேலைக்கு விரிந்து இருக்க வேண்டியவை லேயர்ஸ், ஹிஸ்டரி, க்ளோன் சோர்ஸ் மூன்றும்தான்.

க்ளோன் சோர்ஸ் என்று ஒரு பேனல் இருப்பதே பலருக்குத் தெரியாது. அதில் 5 மூலங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். கன்னத்துத் தோலுக்கு ஒன்று, தலைமுடிக்கு ஒன்று, சேலைக் கரைக்கு ஒன்று, பின்சுவருக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று ஆல்ட்டை அழுத்தி எடுத்து வைத்துவிட்டால், வெடிப்பைத் தொடர்ந்து இறங்கும்போது பொத்தானை மாற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் மூலம் தேடி அலைய வேண்டியதில்லை. மூலத்தை இடவலமாகத் திருப்பும் பொத்தானும் அதிலேயே உண்டு. சேதமான கண்ணுக்கு நல்ல கண்ணிலிருந்து இமையை எடுத்துவர அது கைகொடுக்கும். ஆனால் கருவிழியில் மின்னும் வெளிச்சப் புள்ளியையும் சேர்த்துத் திருப்பிவிட்டால், இரண்டு கண்ணிலும் வெளிச்சம் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வருவதாகிவிடும். என்ன தவறு என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பாட்டி வேறு யாரோ போல இருப்பார். அந்தப் புள்ளியை மட்டும் நல்ல கண்ணில் இருக்கும் அதே பக்கத்தில் தனியாக வைக்க வேண்டும்.

ஹிஸ்டரி விரிந்தே இருக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு. ஃபோட்டோஷாப் வழக்கமாக 50 நிலைகளைத்தான் நினைவில் வைக்கும். ஹீலிங் பிரஷ்ஷின் ஒவ்வொரு தொடலும் ஒரு நிலை. ஒரு கன்னத்தைச் சரிசெய்வதற்குள் 50-ம் தீர்ந்துவிடும். பேனலின் அடியில் உள்ள கேமரா பொத்தானைத் தட்டி அவ்வப்போது ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், கோப்பு திறந்திருக்கும்வரை அந்த நிலைக்குத் திரும்பலாம். பொத்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் கை தானாக அங்கே போகும்.

இந்தத் திரையின் மையம் பேனல்களில் இல்லை, படத்தின் சன்னல்களில் இருக்கிறது. விண்டோ மெனுவின் அரேஞ்ச் பகுதிக்குப் போங்கள். பட்டியலின் அடியில் நியூ விண்டோ ஃபார் என்று, திறந்திருக்கும் கோப்பின் பெயரோடு ஒரு வரி இருக்கும். அதைக் கொடுத்தால் அதே கோப்பு இன்னொரு சன்னலில் திறக்கும். இது நகல் இல்லை. ஒரே படத்துக்கு இரண்டு பார்வை. பிறகு அதே அரேஞ்ச் பட்டியலில் டூ-அப் வெர்ட்டிக்கல் கொடுத்தால் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும். இடப்பக்கத்தை 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணருகே கொண்டுபோங்கள். வலப்பக்கத்தில் கிளிக் செய்து கன்ட்ரோலுடன் பூஜ்யத்தை அழுத்தினால் முழுப் படமும் அடங்கும். மறுபடி இடப்பக்கம் வந்து வேலையைத் தொடங்குங்கள். இங்கே வைக்கும் ஒவ்வொரு தொடலும் அங்கே முழு முகத்தில் எப்படித் தெரிகிறது என்பதைக் கண்ணைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

300 சதவீதத்தில் மட்டுமே பார்த்துச் செய்கிறவர்கள் தோலைத் துடைத்துத் துடைத்து மெழுகாக்கிவிடுகிறார்கள். அருகில் இருக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் குற்றமாகத் தெரியும். தாளில் அச்சாகிக் கையில் வரும் அளவில் பார்த்தால் அவற்றில் பாதி, பழைய ஃபிலிமின் மணல்தன்மைதான். அது இருக்கத்தான் வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வது அந்த வலப்பக்கச் சன்னல்தான். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே எல்லோரும் அரேஞ்ச் மெனுவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பேன்.

முடிந்ததும் ஒரு சன்னலை மூடினால் கோப்பு மூடாது, மற்றதில் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் மறுபடி தலைப்புகளாக அடுக்க, அரேஞ்சில் கன்சாலிடேட் ஆல் டு டேப்ஸ். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: வொர்க்ஸ்பேஸைச் சேமித்தால் பேனல்கள் சேமிக்கப்படும், படச் சன்னல்களின் அடுக்கு சேமிக்கப்படாது. இந்த இரட்டைச் சன்னலை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகத்தான் திறக்க வேண்டும்.

ஆல்பத்துக்கு வேறு

கல்யாண ஆல்பத்தில் 12-க்கு 36 அங்குல ஷீட் புழக்கத்தில் இருக்கும் அளவு. 300 டிபிஐ-யில் அது 3,600-க்கு 10,800 பிக்சல். உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம். இப்படி நீண்டு கிடக்கும் ஷீட்டுக்கு, வலப்பக்கம் பேனல் வரிசை வைப்பது இருக்கிற இடத்தைத் தவறான திசையிலிருந்து பறிப்பது. 1,920 பிக்சல் திரையில் இடப்பக்கம் டூல்பாருக்கு 50 விட்டு முழு அகலத்தையும் கொடுத்தால் ஷீட்டின் உயரம் 620 சொச்சம் வரும். மெனு, ஆப்ஷன்ஸ் பார், டாஸ்க்பார் எல்லாம் போனாலும் கீழே சுமார் 300 பிக்சல் வெறுமனே கிடக்கும். பேனல்களை அங்கே கொண்டுபோங்கள். லேயர்ஸின் தலைப்பைப் பிடித்துத் திரையின் கீழ் விளிம்புவரை இழுத்தால் அங்கேயும் நீலக்கோடு வரும். அதில் விட்டு, மற்றப் பேனல்களையும் அதே கூட்டத்தில் தலைப்புகளாகச் சேர்த்துவிடலாம். லேயர்ஸ் பட்டியல் குட்டையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு படத்தையும் அதன் மாஸ்க்கோடு ஒரு குரூப்பில் போட்டுப் பெயர் வைத்து மூடி வைக்கும் பழக்கம் இருந்தால் குட்டைப் பட்டியலே போதும்.

ஆல்பம் வேலையில் இன்னொரு தலைவலி இரண்டு கேமரா. முகூர்த்தத்தை இரண்டு பேர் இரண்டு கேமராவில் எடுத்திருப்பார்கள். மாப்பிள்ளையின் வேட்டி ஒன்றில் வெள்ளையாகவும் மற்றதில் நீலம் பாய்ந்தும் இருக்கும். ஒரே ஷீட்டில் இரண்டும் வந்தால் பளிச்சென்று தெரியும். இதற்கு இரண்டு படங்களையும் டூ-அப் வெர்ட்டிக்கலில் வைத்து, அரேஞ்சில் மேட்ச் ஸூம் அண்ட் லொகேஷன் கொடுங்கள். இரண்டும் ஒரே பெருக்கத்துக்கு, ஒரே இடத்துக்கு வந்துவிடும். ஸ்பேஸ் பாருடன் ஷிஃப்டையும் அழுத்தி இழுத்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். பிறகு எஃப்8 அழுத்தி இன்ஃபோ பேனலை வரவழைத்து, கலர் சாம்ப்ளர் கருவியால் இரண்டிலும் வேட்டியின் ஒரே மடிப்பில் புள்ளி வையுங்கள். ஒன்றில் 236, 235, 233 என்றும் மற்றதில் 228, 233, 246 என்றும் வந்தால், எவ்வளவு நீலம் கூடுதல் என்று கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை. வேட்டிக்கு நீலம் போட்டுத் துவைப்பது வழக்கம், புதுத் துணியில் வெளுப்பூட்டும் ரசாயனமும் இருக்கும். அதனால் மூன்று எண்ணும் சமமாக வரட்டும் என்று முயல வேண்டாம். முகம் இயல்பாக வந்த கேமராவின் வேட்டியை அளவுகோலாக வைத்து மற்றதை அதற்கு இழுத்து வருவதே சரி.

பாஸ்போர்ட் சைஸ் வேலைக்கான திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே லேயர்ஸ் கூட வேண்டாம். ஆக்‌ஷன்ஸ் பேனலைப் பெரிதாகத் திறந்து, அதன் மெனுவில் பட்டன் மோடைத் தேர்வு செய்யுங்கள். ஒவ்வொரு ஆக்‌ஷனும் வண்ணப் பொத்தானாகிவிடும். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டரில் கிராப் செய்ய ஒன்று, அதை 4-க்கு 6 அங்குலத் தாளில் 8 படமாக அடுக்க ஒன்று, அமெரிக்க விசாவுக்கான 2-க்கு 2 அங்குலத்துக்கு ஒன்று என்று பொத்தான் இருந்தால், வாடிக்கையாளர் காத்திருக்கும்போது தேட வேண்டியதில்லை. பட்டன் மோடில் புதிய ஆக்‌ஷனைப் பதிவு செய்ய முடியாது. அதற்கு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளுங்கள்.

படத்தைச் சுற்றியுள்ள நிறம்

பேனல்களின் நிறமும் வேலையைப் பாதிக்கிறது. ஃபோட்டோஷாப் 2012-இல் சிஎஸ்6 பதிப்போடு அடர்ந்த சாம்பலுக்கு மாறியது. இருண்ட சூழலில் வைத்த படம் கண்ணுக்கு வெளிச்சம் கூடியதாகத் தெரியும். அப்படித் தெரிவதால் நாம் படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கிவிடுவோம். அது வெள்ளைத் தாளில் அச்சாகி வரும்போது மங்கிப் போயிருக்கும். அச்சுக்குப் போகும் படத்துக்கு நடுத்தரச் சாம்பல்தான் நல்லது. படத்தைச் சுற்றிக் காலியாக இருக்கும் பகுதியில் வலது கிளிக் செய்தால் அந்தப் பகுதியின் நிறத்தை மட்டும் மாற்றலாம். ஷிஃப்டுடன் எஃப்2 அழுத்தினால் முழுத் திரையும் ஒரு படி வெளுக்கும், எஃப்1 அழுத்தினால் ஒரு படி அடரும். வண்ணம் கலந்த டெஸ்க்டாப் படமும் வேண்டாம், அதுவும் சாம்பலாக இருக்கட்டும்.

படத்தை மட்டும் பார்க்க வேண்டிய நேரத்தில் டேப் விசை எல்லாப் பேனல்களையும் மறைக்கும், ஷிஃப்டுடன் டேப் அழுத்தினால் டூல்பார் மட்டும் மிஞ்சும். மறைந்த பேனல் தேவைப்பட்டால் மவுஸைத் திரை விளிம்புக்குக் கொண்டுபோனால் எட்டிப் பார்க்கும். எஃப் எழுத்து விசையை அழுத்த அழுத்தத் திரை முறைகள் மாறி, கடைசியில் படம் மட்டும் நிற்கும். வாடிக்கையாளரிடம் காட்டும்போது இப்படிக் காட்டுங்கள். நம் பேனல்களைப் பார்த்துக்கொண்டிருக்க அவர் வரவில்லை.

இரண்டாவது மானிட்டர் இருந்தால், நிறம் சரியாக வரும் நல்ல மானிட்டரில் படமும் சாதாரண மானிட்டரில் பேனல்களும் இருக்கட்டும். இரண்டு மானிட்டருக்கான அடுக்கைத் தனிப் பெயரில் சேமியுங்கள். ஒரு மானிட்டரைக் கழற்றிய நாளில் பேனல்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் நின்றுவிட்டால், ஒற்றை மானிட்டர் வொர்க்ஸ்பேஸுக்கு மாறி ரீசெட் கொடுத்தால் திரும்பி வந்துவிடும்.

மாற்றவும் காக்கவும்

மூன்று வொர்க்ஸ்பேஸ் தயாரானதும், மாறுவதற்கு மெனுவுக்குள் போகாதீர்கள். போக வேண்டியிருந்தால் நாளடைவில் மாறுவதையே நிறுத்திவிடுவோம். எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸைத் திறந்து, அப்ளிகேஷன் மெனுஸில் விண்டோ பகுதியை விரித்தால் நீங்கள் வைத்த பெயர்களும் அங்கே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசையைக் கொடுங்கள்.

ஒரே கணினியில் பலர் வேலை செய்யும் இடம் என்றால், வொர்க்ஸ்பேஸ் பட்டியலில் லாக் வொர்க்ஸ்பேஸ் கொடுத்துவிடுங்கள். கைதவறி இழுத்தாலும் பேனல் நகராது. சேமித்த அடுக்குகள் சிறிய கோப்புகளாகவே இருக்கின்றன. விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில் ரோமிங், அதற்குள் அடோபி, அதற்குள் உங்கள் ஃபோட்டோஷாப் பதிப்பின் செட்டிங்ஸ் ஃபோல்டர் என்று இறங்கினால் வொர்க்ஸ்பேசஸ் என்ற ஃபோல்டர் கிடைக்கும். அதை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். கணினியை ஃபார்மேட் செய்யும் நாளில் தேவைப்படும்.

காசு கொடுக்காமல் கிம்ப்பில்

ஃபோட்டோஷாப்புக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியாதவர்களுக்கு கிம்ப் இருக்கிறது. 2012-இல் வந்த 2.8 பதிப்புவரை அதன் பேனல்களும் படங்களும் தனித்தனிச் சன்னல்களாகச் சிதறிக் கிடக்கும். அந்தப் பதிப்பில்தான் எல்லாவற்றையும் ஒரே சன்னலுக்குள் அடக்கும் சிங்கிள் விண்டோ மோட் வந்தது. 2018-இல் வந்த 2.10-இலிருந்து அதுவே வழக்கமான நிலை. பேனல்கள் விண்டோஸ் மெனுவில் டாக்கபிள் டயலாக்ஸ் என்ற பட்டியலில் இருக்கும். இழுத்து ஒட்டும் முறையும் டேப் விசையும் ஃபோட்டோஷாப் போலத்தான்.

ஒரே படத்தை இரண்டு பார்வையில் திறக்க, வியூ மெனுவில் நியூ வியூ. ஆனால் சிங்கிள் விண்டோ மோடில் இரண்டு பார்வையும் தலைப்புகளாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும், பக்கம் பக்கமாக வராது. பழைய படத்துக்குச் சொன்ன இரட்டைச் சன்னல் வேண்டுமானால் விண்டோஸ் மெனுவில் சிங்கிள் விண்டோ மோடின் டிக்கை எடுத்துவிட்டு, இரண்டையும் கையால் இழுத்துப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும்.

பெயரிட்டுச் சேமிக்கும் வொர்க்ஸ்பேஸ் கிம்ப்பில் இல்லை. அதற்கு ஒரு வழி உண்டு. டெஸ்க்டாப்பில் கிம்ப்பின் ஷார்ட்கட்டை நகலெடுத்து, அதன் ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற இடத்தின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு, செஷன் என்ற ஆங்கிலச் சொல் சிறிய எழுத்தில், சமக்குறி, அதையடுத்து நீங்கள் விரும்பும் ஆங்கிலப் பெயர் என்று இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதுங்கள். அந்த ஷார்ட்கட்டில் திறந்தால் கிம்ப் அந்தப் பெயருக்கென்று தனி அடுக்கை வைத்துக்கொள்ளும். ப்ரிஃபரன்சஸில் விண்டோ மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், வெளியேறும்போது சன்னல்களின் இடத்தைச் சேமிக்கும் தேர்வு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். பழைய படத்துக்கு ஒரு ஷார்ட்கட், ஆல்பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்போது கிம்ப்பை முழுதாக மூடிவிட்டுத் திறக்க வேண்டும். திறந்திருக்கும்போதே இரண்டாவது ஷார்ட்கட்டைத் தட்டினால் புது அடுக்கு வராது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிம்ப்தான் முன்னால் வரும்.